பெயரைப் பிரிக்கலாமா?

எண்ணூருக்கு வடக்கே, பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டிய டச்சுக்காரரின் மொழியிலிருந்து வந்ததே 'கக்கூசு'. மலத்தைக் குறிக்கும் 'கக்', வீட்டைக் குறிக்கும் 'ஹௌஸ்' ஆகியவை சேர்ந்த கூட்டுச்சொல் அது. முதற்பகுதியையே அவர்கள் அழுத்தி உச்சரிப்பர். நாமோ இணைந்த இடம் தெரியாதபடி 'கக்-கூ-சு' ஆக்கிவிட்டோம். அதனால் நட்டமில்லை.

நம் பெயர்கள் அப்படியல்ல. 'அப்துர் ரஹ்மான்' என்றால் அளவற்ற அருளாளனின் அடிமை. இராயபுரத்தில் என் மகனைத் தோழர்கள் 'அப்துல்' என்பர். யாருடைய அடிமை என்பது விடுபட்டுப் போகும். நானோ 'ரஹ்மான்' என்றே அழைத்து வந்தேன். மதரஸாவிலிருந்து திரும்பிய ஒருநாள், "அத்தா, அது அல்லாஹ்வின் திருநாமமல்லவா? நான் அடிமைதானே?" என்றான். நாணித் தலைகுனிந்தேன். அன்று முதல் முழுப்பெயரே சொல்கிறேன். உங்கள் இல்லத்தில் எப்படி அழைக்கிறீர்கள்?