வைக் ஆன் ஸேயின் பின்வரிசைகள்

நெதர்லாந்தின் வடகடல் ஓரத்தில் இருக்கும் சிற்றூர், வைக் ஆன் ஸே. ஜனவரிக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கிறது. ஊருக்குத் தெற்கே இரும்பாலையின் புகைபோக்கிகள். அந்த ஆலையின் பெயரால் 1938-இல் பக்கத்து பெவர்வைக்கில் தொடங்கிய சதுரங்கப் போட்டி, 1968-இல் இங்கே இடம் மாறியது. இன்று அதன் பெயர் டாடா ஸ்டீல். ஆனந்த் ஐந்து முறை வென்ற போட்டி; 2025-இல் பிரக்ஞானந்தா டைபிரேக்கில் குகேஷை வென்று பட்டம் பெற்றதும் இதில்தான்.

டி மொரியான் மண்டபத்தில் கிராண்ட்மாஸ்டர்கள் ஆடும் அதே கூரையின் கீழ், நூற்றுக்கணக்கான கிளப் ஆட்டக்காரர்களும் மேசை மேசையாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள். உலக சாம்பியனைப் பார்க்க வந்த நான், பின்வரிசை மேசை ஒன்றின் அருகே அசையாமல் நின்றுவிட்டேன்.

வெள்ளைக்கு ஓர் இளம்பெண். கறுப்புக்கு எழுபதைத் தாண்டிய பெரியவர். ராணிகள் எப்போதோ வெட்டுப்பட்டுவிட்டன. இருவரிடமும் ஆளுக்கொரு யானை. அவளிடம் மட்டும் ஒரு சிப்பாய் மிச்சம். தோற்றுவிடுவார் என்றே நினைத்தேன். பெரியவரோ யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் நிறுத்தி, வெள்ளை ராஜா அதைத் தாண்டாதபடி காத்தார். வேறு வழியின்றி அவள் சிப்பாயை அந்த வரிசைக்கே தள்ளினாள். அடுத்த கணம் அவர் யானை பலகையின் மறுகோடிக்கு ஓடியது. பின்னாலிருந்து செக், மீண்டும் செக். சிப்பாய் முன்னே போய்விட்டதால் ராஜாவுக்கு ஒதுங்க நிழலில்லை. பிரான்ஸின் பிலிடோர் 1777-இல் எழுதிவைத்த தற்காப்பு அது! பரிசுப்பணத்துக்காக ஆடாத ஒருவர், நடுங்கும் விரல்களால் அதைப் பிசகாமல் ஆடிக் காட்டினார். டிரா. கைகுலுக்கிய கையோடு இருவரும் காய்களை மறுபடி அடுக்கி, எங்கே வென்றிருக்கலாம் என்று சேர்ந்தே தேடத் தொடங்கினார்கள். மேடையில் பார்த்த எந்த ஆட்டமும் எனக்கு இந்த நிறைவைத் தரவில்லை.

நிறைவு விருந்தில் முதலில் பரிமாறுவது பட்டாணி சூப். போர் முடிந்த கையோடு, உணவுக்குத் தட்டுப்பாடு நிலவிய 1946-இல் தொடங்கிய வழக்கம், இன்றுவரை மாறவில்லை.

பத்துப் பேர் கொண்ட பிரிவுகளில் ஒன்பது சுற்று ஆட, சாதாரண கிளப் ஆட்டக்காரரும் இங்கே பதிவு செய்யலாம். நம் ஊர் கிளப்புகளில் ஆடுபவர்களே, ஒரு ஜனவரியில் போய் வாருங்கள். பார்வையாளராக அல்ல, ஆட்டக்காரராக.