உம்மும்மாவுக்கு நீந்தத் தெரியும்

எங்கள் குடும்பத்துப் பெண்களில் நீந்தத் தெரிந்தவர் ஒரேயொருவர்தான். அவருக்கு வயது எழுபத்து நான்கு. என் உம்மும்மா.

உம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. சாச்சிமார், மாமிமார், அவர்களுடைய பெண்பிள்ளைகள் எவருக்கும் தெரியாது. இதை ஒரு குறையாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கடந்த மாசி மாதம் கனகராயன் ஆற்றில் என் தலைக்கு மேல் தண்ணீர் போன பிறகுதான் நினைத்தேன்.

உம்மும்மா வன்னியில் பிறந்தவர். குளத்தில் குளித்து, ஆற்றில் உடுப்புத் துவைத்து, பாலைப்பழம் பொறுக்கித் தின்று வளர்ந்தவர். பாலைப்பழத்தின் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டால் தேங்காயெண்ணெய் பூசிக் கழற்ற வேண்டும் என்பதை இன்றைக்கும் சிரித்துச் சிரித்துச் சொல்வார். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, பத்து வயதான என் உம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு புத்தளத்துக்கு வந்தார். உம்மா வளர்ந்தது கிடுகுக் கொட்டிலில். வரிசையில் நின்று வாளியில் பிடித்து வந்த தண்ணீரில்தான் சமையலும் குளிப்பும். வாளித் தண்ணீரில் நீந்தப் பழக முடியாது. உம்மும்மாவின் அம்மா அவருக்குக் கொடுத்த அந்த அறிவு, அந்த ஒக்டோபரோடு எங்கள் வீட்டில் நின்றுபோயிற்று.

யுத்தம் முடிந்த பின் மாமா மட்டும் ஊர் திரும்பினார். இப்போது இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறார். நீண்ட வார விடுமுறை ஒன்றில் எங்களை வரச் சொன்னார். “முதல் நாள் ஆத்தோரமா நடப்பம். அடுத்த நாள் சுண்டிக்குளத்தில வள்ளத்தில போய்ப் பறவை பாப்பம்” என்றார்.

உம்மா உடனே மறுத்தார். “குமருப் புள்ளய காட்டுக்குள்ளயும் தண்ணிக்குள்ளயும் கொண்டு போறதா?”

உம்மும்மாதான் முடிவு சொன்னார். “நானும் வாறன். புள்ள எங்கட ஆத்தைப் பாக்கட்டும்.”

கனகராயன் ஆறு முழுக்க முழுக்க வன்னியின் ஆறு. வவுனியா மாவட்டத்தின் வடகிழக்கில் தொடங்கி, முல்லைத்தீவு மாவட்டத்தைக் கடந்து, கிளிநொச்சி மாவட்டத்தில் இரணைமடுக் குளத்தை நிரப்புகிறது. வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம் அது. அங்கிருந்து மேலும் வடக்கே ஓடிச் சுண்டிக்குளம் கடனீரேரியில் கலக்கிறது. ஆறு முடியும் அந்த இடம் 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2015இல் தேசியப் பூங்காவானது. ஏ9 வீதியில் பஸ்ஸில் போகும்போது இந்த ஆற்றின் பாலத்தைப் பல தடவை கடந்திருக்கிறேன். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

புறப்படும் முதல் நாள் இரவு மாமா எங்களை இருத்தி வைத்துச் சட்டம் படித்தார். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை மாமியிடம் எழுதிக் கொடுத்தார். காலநிலை அறிவித்தலைப் பார்த்தார். குளத்தில் வான்கதவு திறக்கும் உத்தேசம் உண்டா என்று தெரிந்தவர் ஒருவரிடம் தொலைபேசியில் விசாரித்தார். 2018 டிசம்பரில் குளம் நிரம்பி வழிந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை நேரில் கண்டவர் அவர். “இங்க மழை பெய்யாட்டியும் மேல பெய்தா ஆறு கூடும். வெயிலைப் பாத்து ஆத்தை நம்பக்கூடாது” என்றார்.

நீண்ட அபாயாவுக்குப் பதிலாக முழங்காலுக்குக் கீழே இறங்கும் பருத்திச் சல்வார், பின்னூசி குத்திய சிறிய ஹிஜாப், காலை மூடிய சப்பாத்து. குடிதண்ணீர், விசில், பொலித்தீனில் சுற்றிய தொலைபேசி. எல்லோர் கையிலும் ஆளுயரக் கம்பு ஒன்று. அவசரமென்றால் அழைக்க அம்புலன்ஸ் இலக்கத்தையும் மனனம் செய்யச் சொன்னார். 1990.

“அந்த வருசத்தை நான் மறப்பனா?” என்றார் உம்மும்மா. ஒருவரும் சிரிக்கவில்லை.

எனக்கோ எல்லாம் மிகையாகத் தெரிந்தது. முழங்கால் அளவு தண்ணீருக்கு இவ்வளவு ஆரவாரமா என்று தம்பியிடம் முணுமுணுத்தேன்.

மறுநாள் காலை குளத்துக்கு மேலே, காட்டை ஒட்டிய வண்டில் பாதையில் நடந்தோம். மாமா முன்னால், நாங்கள் நடுவில், வாப்பா கடைசியில். வழியில் யானை லத்தி கிடந்தது. மாமா குனிந்து பார்த்து, “காய்ஞ்சிருக்கு, பழசு. எண்டாலும் பொழுது சாய முந்தித் திரும்பிடோணும்” என்றார். சற்றுத் தள்ளி ஒரு பாலை மரம். தம்பி பாதையை விட்டு அதை நோக்கி இரண்டு அடி வைத்தான். மாமா அவனுடைய தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“ஆக்கள் நடந்த தடத்தை விட்டு இறங்காத. வன்னியில இது முதல் பாடம்.”

வெடிபொருள்கள் இன்னும் முற்றாக அகற்றப்படாத மண் இது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கும் இடத்துக்குள் போகவே கூடாது. பலகை இல்லாத இடத்திலும் இனந்தெரியாத இரும்பு எதையும் தொடாமல், இடத்தை நினைவில் வைத்து, வந்த தடத்திலேயே திரும்பி வந்து பொலிஸுக்குச் சொல்ல வேண்டும். இலங்கை 2017இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. முகமாலை போன்ற இடங்களில் ஆண்டுக்கணக்காக வேலை நடக்கிறது. அந்த வேலையில் பெண்கள் பலர் இருக்கிறார்கள் என்று மாமா சொன்னார். முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைச் சோதிக்கும் பெண்கள். நாம் கால் வைக்கும் பாதையை நமக்குத் திருப்பித் தந்தவர்கள் அவர்கள்.

பாதை முடிந்த இடத்தில் ஆறு தெரிந்தது. இரு கரையிலும் மருத மரங்கள். நடுவே வெள்ளை மணல். மணலைப் பிரித்துக்கொண்டு இரண்டு மூன்று கிளையாகத் தெளிந்த தண்ணீர். உம்மும்மா கரையில் நின்றார். எதுவும் பேசவில்லை. பிறகு செருப்பைக் கழற்றாமலே மெல்ல இறங்கி, ஒவ்வோர் அடிக்கும் முன்னால் கம்பைக் குத்திப் பார்த்து, கணுக்கால் அளவு தண்ணீரில் போய் நின்றார்.

அந்தக் காட்சியைப் படம் எடுக்க ஆசைப்பட்டேன். ஒரு கையில் தொலைபேசி. மற்றக் கையில் இருந்த கம்பு இடைஞ்சலாக இருந்தது. அதைக் கரையில் போட்டுவிட்டு, உம்மும்மாவின் முகம் தெரியும் பக்கமாகப் பின்னுக்கு நடந்தேன். ஒரு அடி, இரண்டு அடி. மூன்றாவது அடிக்குக் கீழே மண் இல்லை.

அது மணல் அள்ளிய கிடங்கு. ஆற்றில் மணல் எடுத்தவர்கள் விட்டுப்போன குழியைத் தண்ணீர் மூடி, மேலே மற்ற இடங்களைப் போலவே அமைதியாக வைத்திருந்தது. விளிம்பைப் பிடிக்கப் பார்த்தேன். மணல் கரைந்து கையோடு வந்தது. வாய்க்குள் தண்ணீர் போயிற்று. மேலே வந்தேன், மறுபடி போனேன். உம்மா அலறியது தண்ணீருக்குள் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் கேட்டது.

அதற்கு மேலாக ஒரு குரல் கேட்டது. அலறல் அல்ல, அதட்டல்.

“கையை அடிக்காத! தலையைப் பின்னால போடு! மூக்கை வானத்துக்குக் காட்டு!”

தம்பி குதிக்கப் போயிருக்கிறான். “நீயும் குதிச்சா ரெண்டு பேரைத் தேடோணும், நில்லு!” என்று அவனையும் அதே மூச்சில் அதட்டியிருக்கிறார். பிறகு அந்த வயதான மனிசி ஈர மணலில் குப்புறப் படுத்து, தன் கம்பை என் பக்கம் நீட்டினார். மாமா அவருடைய இரண்டு கால்களையும் இறுகப் பிடித்துக்கொண்டார். நான் தலையைப் பின்னால் சாய்த்தேன். மூக்கு வெளியே வந்தது. ஒரு மூச்சு கிடைத்தது. அந்த ஒரு மூச்சில் கம்பு கண்ணில் பட்டது.

எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் நடந்திருக்கும் என்று வாப்பா பிறகு சொன்னார். என் தொலைபேசி இன்னும் அந்தக் கிடங்குக்குள்தான் கிடக்கிறது. அதில் உம்மும்மாவின் படமும் கிடக்கிறது.

கரையில் என்னைத் துடைத்துவிட்டுக்கொண்டே உம்மும்மா சொன்னது இவ்வளவுதான்: “ஆறு ஒருத்தருக்கும் எதிரி இல்ல, புள்ள. நாங்கதான் இந்த ஆத்தை மறந்திட்டம்.”

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. செய்தியாக மட்டுமே அறிந்திருந்த இரண்டு நாட்கள் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தன. 2021 நவம்பர் 23ஆம் திகதி, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்தது. 2024 நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. முதலாவதில் பாடசாலைக்குப் போன பிள்ளைகள் இருந்தார்கள். இரண்டாவதில் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் உல்லாசப் பயணம் போகவில்லை. தண்ணீருக்குப் பக்கத்தில் போகாதே என்று பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கலாம். ஆனால் தண்ணீர் வீதிக்கு வரும்போது என்ன செய்வது?

அடுத்த நாள் சுண்டிக்குளம் போவதா, வேண்டாமா என்ற பேச்சு எழுந்தது. உம்மா வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்து, “நீ போவியா?” என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். “அப்ப நானும் வாறன்” என்றார்.

தருமபுரம், கல்லாறு வழியாக விடியற்காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். அனுமதிக்கான அலுவல்களை மாமா முன்பே முடித்திருந்தார். வள்ளக்காரர் நடுத்தர வயது மீனவர். எங்களை எண்ணிப் பார்த்து, “ஆறு பேருக்கு மேல ஏத்தமாட்டன்” என்றார். பாரம் இரு பக்கமும் சமமாக இருக்கும்படி ஒவ்வொருவராக இருத்தினார். உயிர்காப்பு அங்கியைத் தந்தபோது நான்தான் முதலில் போட்டேன். பட்டிகளை இறுக்கினேன். உம்மாவுக்கும் நானே இறுக்கிவிட்டேன். “வள்ளத்தில எழும்பி நிக்கக்கூடாது. பறவையைக் கண்டு எல்லாரும் ஒரு பக்கம் சாயக்கூடாது” என்றார் அவர்.

தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. கூழைக்கடாக்கள் வரிசையாக மிதந்தன. சங்குவளை நாரைகள் சேற்றில் நின்று அலகால் துழாவின. தூரத்தில், தண்ணீரும் வானமும் சேரும் இடத்தில், இளஞ்சிவப்பாக ஒரு கோடு. பூநாரைகள். வள்ளக்காரர் கம்பால் ஊன்றி மெதுவாகவே போனார். கிட்டப் போனால் கூட்டம் எழும்பிவிடும். இரை தேடும் நேரத்தில் அவற்றைக் கலைத்தால் அவை வீணாகக் களைத்துப்போகும் என்றார்.

பாதித் தூரம் போயிருப்போம். வடகிழக்கிலிருந்து காற்று எழும்பியது. தண்ணீரில் சிறு சிறு சுருக்கங்கள் விழுந்தன. எனக்கு அது ஒன்றுமாகத் தெரியவில்லை. வள்ளக்காரர் ஒருமுறை முகத்தைத் திருப்பிக் காற்றைப் பார்த்தார். பிறகு வள்ளத்தையும் திருப்பினார்.

“இன்னும் கொஞ்சம் போனா வடிவாத் தெரியுமே!” என்றான் தம்பி.

“அவை நாளைக்கும் நிக்கும் தம்பி” என்றார் வள்ளக்காரர்.

முதல் நாள் காலையில் என்றால் நானும் தம்பியோடு சேர்ந்து முணுமுணுத்திருப்பேன். இப்போது அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதைப் பார்த்து அவர் திரும்பினார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. கரைக்கு வந்த பிறகு கேட்டேன். சுருக்கம் விழும் திசை, பறவைகள் முகம் திருப்பி நிற்கும் பக்கம், அடிவானத்து மேகம் என்று ஒவ்வொன்றாகக் காட்டித் தந்தார். கேட்டால் சொல்லித் தருகிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.

பெற்றோரே, எங்களைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றுதான் கேட்கிறேன். ஊரவரிடம் விசாரித்து, காலநிலை பார்த்து, திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள். பெண்பிள்ளைகள் நீந்தப் பழகுவதற்கு மறைவான, பாதுகாப்பான இடத்தை ஊரிலோ பாடசாலையிலோ ஏற்படுத்த முடியுமா என்று கூடிப் பேசுங்கள். துஆ ஓதி அனுப்புகிறீர்கள். அதோடு இதுவும் வேண்டும். உம்மும்மா சொல்வார்: “தோணியைக் கட்டிப்போட்டுத்தான் தவக்குல் வைக்கோணும்.”

நாங்கள் புத்தளம் திரும்பும் நாள் காலையில் உம்மும்மாவைக் காணவில்லை. தேடிப் போனோம். மாமாவின் தோட்டத்துக் கிணற்றடியில், கிடுகு வேலிக்குள், பயிருக்கு நீர் தேக்கும் பெரிய சீமெந்துத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் என் இடுப்பளவு இருக்கும்.

“இறங்குங்க ரெண்டு பேரும்” என்றார். “முதல்ல மிதக்கப் பழகோணும். நீச்சல் பிறகு.”

நான் தயங்கினேன். தண்ணீரைப் பார்த்தாலே நெஞ்சு அடித்துக்கொண்டது. உம்மா ஒன்றும் சொல்லாமல் தாவணியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினார். உம்மும்மா தன் மகளின் தலைக்குக் கீழே ஒரு கையையும் முதுகுக்குக் கீழே மற்றக் கையையும் கொடுத்தார்.

“மூக்கை வானத்துக்குக் காட்டு, மகள்.”

உம்மாவின் கால்கள் மெல்ல மேலே வந்தன. சிறிது நேரம் கழித்து உம்மும்மா கைகளை எடுத்துவிட்டார். உம்மாவுக்கு அது தெரியவில்லை.