வாந்தி ஊசி

நம் கதைகளில் ஒரு பெண் வாந்தியெடுத்தால் அதற்கு ஒரே அர்த்தந்தான் உண்டு. வீட்டுப் பெரியவள் நாடி பிடித்துப் பார்ப்பாள். அடுத்த அத்தியாயத்தில் வளைகாப்பு. நானும் அப்படி எழுதியிருக்கிறேன். ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கிறவள் படும் வாந்தியை யாரும் எழுதி நான் படித்ததில்லை.

அது சில்லறை விஷயமல்ல. மயக்க மருந்து வாங்கிக்கொள்கிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. பெண்களுக்கு அதிகம், பஸ்ஸில் போனால் குமட்டுகிறவர்களுக்கு அதிகம், வேடிக்கை என்னவென்றால், சிகரெட் தொடாத நல்லவர்களுக்கும் அதிகம்! 1999ல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு டாக்டர்கள், ஆபரேஷனுக்குப் பின் எது வரவே கூடாது என்று நோயாளிகளைக் கேட்டார்கள். முதலிடம் வாந்திக்குத்தான். கத்தி பட்ட இடத்து வலிகூட அதற்குப் பின்னால்தான் நின்றது.

என் அக்காவும் அதைத்தான் சொல்லியிருப்பாள். கர்ப்பப்பையை எடுத்த அன்று இரவு முழுவதும் ஓங்கரித்தவள் அவள். ஒவ்வொரு தடவையும் வயிற்றுத் தையலை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிற்பாடு பித்தப்பையில் கல் என்று தெரிந்தும், இரண்டு வருஷம் வலியைப் பொறுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. கத்திக்குப் பயந்து அல்ல.

கடைசியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா ஒரு வழி சொன்னார்: "டெக்ஸாமெதசோன் 8 மில்லிகிராம். ஒரே ஊசி. ஸ்டீராய்டுதான்."

அத்தான் எழுந்தே நின்றுவிட்டார். அவர் அறிந்த ஸ்டீராய்டெல்லாம் எதிர்வீட்டு ஆஸ்துமாக்காரரின் வீங்கிய முகந்தான்.

டாக்டரம்மா சளைக்கவில்லை. முகம் வீங்குவதும் எலும்பு நைவதும் மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு. ஒற்றை ஊசிக்கு அந்தக் கணக்கு இல்லை. புண் சீழ் பிடிக்குமோ என்றால், எண்ணாயிரம் பேருக்கு மேல் பரிசோதித்து 2021ல் வெளியிட்ட முடிவில் அது அதிகமாகவில்லை. சர்க்கரைதான் சற்று ஏறும். மருந்து மெதுவாக வேலை செய்வதால் ஆபரேஷன் தொடங்கும்போதே போட்டுவிட வேண்டும். அதுவும் தூங்கிய பிறகு. விழித்திருக்கையில் வேகமாக ஏற்றினால், சொல்லக் கூசும் இடத்தில் சுருசுருவென்று அரிக்குமாம். இதைச் சொல்லும்போது அவர் அத்தான் பக்கம் திரும்பவில்லை.

"வாந்தியை அது எப்படி நிறுத்துகிறது?" என்று கேட்டேன்.

"முழுசாக எங்களுக்கே தெரியாது" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே அவரை நம்பலாம் என்று எனக்குப் பட்டது. தனியாகக் கொடுத்தால் வாந்தி வரும் அபாயம் கால் பங்குதான் குறையும் என்பதையும் மறைக்கவில்லை. ஆகையால் ஒண்டான்செட்ரானும் சேர்ந்தது.

அன்று மாலை அக்காவுக்கு ஒரு தடவை குமட்டிற்று, அத்துடன் அடங்கிவிட்டது. இரவு சர்க்கரை 210 காட்டியது. "பார்த்தாயா தம்பி!" என்று அத்தான் என்னை நடைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னார். மறுநாள் அது இறங்கிவிட்டது. இப்போது தெரிந்தவர்களுக்கெல்லாம் சிபாரிசு செய்கிறார், "வாந்தி ஊசி" என்ற பெயரில்.