பிழையும் வழிகாட்டும்

நுழையும்முன்

எழுதிய தாளில் சிவப்பு மையால் வட்டமிடுவது எளிது. எழுதியவர் ஏன் அவ்வாறு எழுதினார் என்று கேட்பதற்குப் பொறுமை வேண்டும். அக்கேள்வியைக் கேட்ட ஓர் ஆசிரியரைப் பற்றியும், கல்லூரியின் முதலாண்டில் எழுதக் கற்ற அவருடைய மாணவர்களைப் பற்றியும் பேசுகிறது இக்கட்டுரை.

நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் உள்ள சிட்டி கல்லூரி. பழமை படிந்த வகுப்பறை ஒன்றில் மாணவர்கள் தம் முதல் கட்டுரையை எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்றுவிட்டனர். ஆசிரியர் மினா ஷானசி தனியே அமர்ந்து தாள்களைப் படிக்கத் தொடங்கினார். அந்தப் பருவத்தில் எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை அவற்றைக் கொண்டு விரைவில் கணித்துவிடலாம் என்று அவர் எண்ணியிருந்தார். ஆனால், படிக்கப் படிக்கத் திகைப்பே மிஞ்சியது. எங்கே தொடங்குவது என்பது புரியவில்லை; எது முதற்பிழை, எது அடுத்த பிழை என்று பிரித்தறியவும் இயலவில்லை. கல்லூரி வரை வந்துவிட்ட இவர்களுக்கு இனித் தம்மால் என்ன செய்ய முடியும் என்ற கவலையுடன் அத்தாள்களையே மீண்டும் மீண்டும் புரட்டிக்கொண்டிருந்தார். இந்த நினைவைப் பின்னாளில் தம் நூலின் முன்னுரையில் அவரே பதிவு செய்துள்ளார்.

திறந்த கதவு

உயர்கல்விக்குப் பொருள்வசதி இல்லாத குடும்பங்களின் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்னும் நோக்கத்துடன் 1847ஆம் ஆண்டு கட்டணமில்லாக் கல்வி நிறுவனமாகத் தொடங்கப்பட்டது சிட்டி கல்லூரி. காலப்போக்கில் இடங்களுக்குப் போட்டி பெருகியது; மதிப்பெண் வரம்பும் உயர்ந்தது. கல்லூரி ஹார்லெமில் இருந்தும், அதைச் சுற்றி வாழ்ந்த கறுப்பின மக்களின் பிள்ளைகளும் புவேர்ட்டோ ரிக்கோ மக்களின் பிள்ளைகளும் அங்கு மிகக் குறைவாகவே இருந்தனர். இந்நிலையை மாற்றக் கோரி 1969ஆம் ஆண்டு மாணவர்கள் வளாகத்தின் ஒரு பகுதியைத் தம் வசமாக்கிப் போராடினர்.

அதன் விளைவாக, நகரின் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த எவருக்கும் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஏதேனும் ஒரு கல்லூரியில் இடம் உண்டு என்னும் திறந்த சேர்க்கை முறை 1970ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. கறுப்பின மாணவர்களோடு, புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் வெள்ளையர்களுள் உழைக்கும் வகுப்பினரின் பிள்ளைகளும் வந்து சேர்ந்தனர். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர் அவர்களுள் பலர்.

கதவு திறந்தாயிற்று. உள்ளே வந்தவர்களின் முன்னே வைக்கப்பட்டது ஒரு வெற்றுத்தாள். அதில் அவர்கள் எழுதியதைப் பார்த்த சிலர், இவர்கள் கல்லூரிக்கு உரியவர்கள் அல்லர் என்பதற்கு இதுவே சான்று என்றனர். கட்டுரைத்தாள் இவ்வாறு ஒரு தலைமுறையின் தகுதியையே தீர்மானிக்கும் வழக்குமன்றம் ஆயிற்று.

தெரிந்து தெளிவோம்

ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1874ஆம் ஆண்டு தன் நுழைவுத்தேர்வில் ஆங்கிலக் கட்டுரை எழுதுவதைச் சேர்த்தது. 1885ஆம் ஆண்டு அங்கு ‘ஆங்கிலம் ஏ’ என்னும் கட்டுரைப் பயிற்சிப் பாடம் முதலாண்டு மாணவர்களுக்கு உரியதாயிற்று. அமெரிக்கக் கல்லூரிகளில் முதலாண்டுக் கட்டுரை வகுப்பு பரவுவதற்கு இது முன்னோடியாக அமைந்தது.

காரணம் தேடிய கண்கள்

மினா ஷானசி, தெற்கு டகோட்டா மாநிலத்தில் லீட் என்னும் சுரங்க நகரில் 1924ஆம் ஆண்டு பிறந்தவர். சிட்டி கல்லூரியில் புதிய மாணவர்களுக்கான எழுத்துப் பயிற்சியை வழிநடத்தும் பொறுப்பு அவரிடம் இருந்தது. 1970 முதல் 1974 வரை சேர்ந்த மாணவர்கள் தகுதிநிலை அறியும் தேர்வில் எழுதிய ஏறத்தாழ 4000 கட்டுரைகளை அவர் ஆராய்ந்தார். பிழைகளை எண்ணுவதோடு அவர் நிறைவடையவில்லை; அவற்றை வகைப்படுத்தினார். ஒவ்வொரு வகைக்கும் எழுதியவரின் மனத்தில் இருந்த காரணம் யாது என்று தேடினார்.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். ஆங்கிலத்தில் இறந்தகாலத்தைக் காட்டப் பெரும்பாலான வினைச்சொற்களின் இறுதியில் ‘ஈ’, ‘டி’ என்னும் இரண்டு எழுத்துகள் சேரும். விரைந்து பேசும்போது அவற்றின் ஒலி அடுத்த சொல்லோடு கலந்து மறைந்துவிடும். சில வழக்குகளில் அவ்வொலி பெரும்பாலும் விடுபட்டே போகும். ஆகவே, காது கேளாததைக் கை எழுதாமல் விட்டதில் வியப்பில்லை. அந்த எழுத்துகள் வேண்டும் என்று அறிந்துகொண்ட அதே மாணவர், சில நாள்களில் வேண்டாத இடங்களிலும் அவற்றைச் சேர்த்து எழுதுவார். பிழை கூடிவிட்டது போலத் தோன்றும். உண்மையில், அவர் விதியைத் தேடத் தொடங்கிவிட்டார்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே நெடுந்தொலைவு உள்ள தமிழிலும் இதனைக் காணலாம். ‘மழை பேஞ்சது’ என்று எழுதும் மாணவர் இறந்தகாலம் அறியாதவர் அல்லர். வீட்டில் கேட்டதை அவ்வாறே தாளில் இறக்கியவர். ‘பளம்’ என்று எழுதித் திருத்தப்பட்டவர், அடுத்த முறை எச்சரிக்கை மிகுந்து ‘கோளாறு’ என்பதைக் ‘கோழாறு’ என்று எழுதிவிடுவதும் உண்டு. முன்னதைக் காது எழுதியது. பின்னதை அச்சம் எழுதியது. இரண்டையும் ஒரே வட்டத்தால் சுழித்துவிட்டால் இரண்டுக்கும் மருந்து கிடைக்காது.

அடித்தும் திருத்தியும்

அச்சம் செய்த வேறொரு கேட்டையும் ஷானசி கண்டார். சில தாள்களில் முதல் வாக்கியம் தொடங்கப்பட்டு, அடிக்கப்பட்டு, மீண்டும் தொடங்கப்பட்டு, மீண்டும் அடிக்கப்பட்டிருந்தது. நேரம் முடிந்தபோது தாளில் எஞ்சியவை சில வரிகளே. எழுதியவரிடம் கருத்து இல்லாமல் இல்லை. பிழை வந்துவிடுமோ என்ற நடுக்கம், கருத்து வெளிவரும் முன்பே அதை வழிமறித்தது. தெரியாத எழுத்துக்கூட்டலுக்கு அஞ்சி, மனத்தில் எழுந்த சரியான சொல்லைக் கைவிட்டு, எளிய சொல் ஒன்றைத் தேடிக்கொள்வதும் இந்நடுக்கத்தின் விளைவே.

நல்ல எழுத்தாளர் எடுத்த எடுப்பிலேயே நன்றாக எழுதிவிடுவார் என்று தொடக்கநிலையினர் நம்புகின்றனர். அச்சிட்ட பக்கத்தையே பார்த்தவர்க்கு, அதற்கு முன் கிழிக்கப்பட்ட பக்கங்கள் தெரிவதில்லை. தம் தாளில் உள்ள அடித்தல்களைத் தோல்வியின் அடையாளமாக அவர்கள் கருதுவது இதனால்தான். அடித்தலும் திருத்தலும் எழுத்துத் தொழிலின் இயல்பு என்று தெரிந்த பின்னரே கை தளர்ந்து எழுதத் தொடங்குகிறது. பிறகு கருத்தை வரிசைப்படுத்துவதும், கூற்றுக்குச் சான்று தருவதும், படிப்பவர் எழுப்பக்கூடிய வினாவை முன்னறிந்து விடையளிப்பதும் ஒவ்வொன்றாகக் கைகூடுகின்றன.

ஆசிரியர் கற்ற பாடம்

திருந்த வேண்டியவர் மாணவர் மட்டுமே என்று ஷானசி கருதவில்லை. 1975ஆம் ஆண்டு ஆற்றிய உரை ஒன்றில் ஆசிரியரின் வளர்ச்சியை நான்கு படிகளாக விளக்கினார். கல்லூரியின் தரத்தை மாணவரிடமிருந்து காப்பதே கடமை என எண்ணுவது முதற்படி. தமக்குத் தெரிந்ததை மாணவருக்குள் நிரப்ப முயல்வது இரண்டாம் படி. தம் கற்பிக்கும் முறையையும் மாணவர் எழுத்தின் காரணங்களையும் ஆழ்ந்து நோக்குவது மூன்றாம் படி. மாணவரை ஆராயவும் அவரிடமிருந்து கற்கவும் துணிந்து இறங்குவது நான்காம் படி.

அவருடைய ஆராய்ச்சி ‘எரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்னும் நூலாக 1977ஆம் ஆண்டு வெளிவந்தது. பிழைகளும் எதிர்பார்ப்புகளும் என்பது அத்தலைப்பின் பொருள். இம்மாணவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர், எழுத்தில் தொடக்கநிலையினர். தொடக்கநிலையினர் எவரும் தவறு செய்தே கற்பர் என்பது அந்நூலின் மையக்கருத்து.

காலம் அவருக்கு உதவியாக இல்லை. நகரின் நிதி நெருக்கடியால் 1976ஆம் ஆண்டு, 129 ஆண்டுகளாகக் கட்டணமின்றி நடந்த கல்லூரியில் கட்டணம் வந்தது. ஆசிரியர் பலர் வேலை இழந்தனர். நூல் வெளிவந்த மறு ஆண்டே, 54ஆம் வயதில், ஷானசி நோயால் மறைந்தார். 1990களின் இறுதியில், நான்காண்டுக் கல்லூரிகளிலிருந்து அடிப்படைப் பயிற்சி வகுப்புகளை நீக்கப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு முடிவு செய்தது. எனினும், பிழைக்குள் காரணத்தைத் தேடும் அவருடைய வழி, எழுதக் கற்பிக்கும் ஆசிரியர் பலருக்கு இன்றும் துணைநிற்கிறது.

வெறுமையான அந்த வகுப்பறையில் திகைக்க வைத்த தாள்களை ஆண்டுகள் பல கடந்து ஷானசி மீண்டும் எடுத்துப் பார்த்தார். தாள்களில் ஓர் எழுத்தும் மாறியிருக்கவில்லை. ஆயினும், இம்முறை செய்ய வேண்டிய பணி அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதைச் செய்து முடிக்க முடியும் என்ற நம்பிக்கையும் இருந்தது. மாறியது படித்தவரின் பார்வை. நாளை கல்லூரி வகுப்பில் வெற்றுத்தாளின் முன் அமரவிருக்கும் மாணவருக்கும் அப்பார்வை தேவை. திருத்தப்பட்டுத் திரும்பி வரும் தம் தாளை மடித்து மறைக்காமல், ‘இதை நான் ஏன் இவ்வாறு எழுதினேன்?’ என்று கேட்டுப் பார்ப்பவரின் அடுத்த கட்டுரை அந்த வினாவிலேயே தொடங்கிவிடுகிறது.