விழுங்கப்படும் குறிகள்

மூல நிரலுக்குள் எழுதப்படும் குறிப்புரைக்கு வாசகர் இருவர். ஒருவர் மனிதர்; மற்றது, அக்குறிப்புரைகளைத் திரட்டிக் கையேடாக மாற்றும் மென்பொருள். மனிதர் பொருளைத் தேடுகிறார். மென்பொருள் குறிகளைத் தேடுகிறது. இவ்விரு வாசிப்பும் முரண்படும்போது இழப்பைச் சுமப்பவர், கையேட்டை நம்பிப் பயிலும் மாணவர்.

ஜாவாடாக், குறிப்புரையை எச்.டி.எம்.எல். எனக் கொண்டு படிப்பது. அதில் ஒருவர் லிஸ்ட்<ஸ்டிரிங்> என்று எழுதினால், கோண அடைப்புக்குறிக்குள் இருப்பதை உலாவி தான் அறியாத ஒரு டேக் என்றே கருதும். பக்கத்தில் எஞ்சுவது லிஸ்ட் என்ற சொல் மட்டும். எதன் பட்டியல் என்ற செய்தி சுவடின்றி மறைந்துவிடும். 2014இல் வெளிவந்த ஜாவா 8, டாக்லின்ட் என்னும் சோதனையை இயல்பாகவே இயக்கி, இத்தகைய பிழைகளைக் கண்டதும் ஆவண உருவாக்கத்தை நிறுத்தியது. அதுவரை ஓசையின்றிக் கடந்த பிழைகள் ஒரே நாளில் வெளிப்பட்டன. பல திட்டங்களோ குறிப்புரைகளைத் திருத்துவதை விடுத்துச் சோதனையையே அணைத்துவிட்டன.

பைத்தான் உலகின் ஸ்பிங்க்ஸ் சற்று வேறுபட்டது. அதன் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் வடிவத்தில், சொல்லின் இறுதியில் வரும் அடிக்கோடு ஓர் இணைப்பைக் குறிக்கும். சைக்கிட்-லேர்ன் நூலகத்திலோ, பயிற்சியின் பின் கிடைக்கும் பண்புகளின் பெயர்கள் அடிக்கோட்டிலேயே முடிகின்றன. அப்பெயரை வெறும் உரையாக எழுதினால், இல்லாத இணைப்பைத் தேடிக் காணாமல் ஸ்பிங்க்ஸ் எச்சரிக்கை விடுக்கும். ஆயினும் கையேடு உருவாகிவிடும். எச்சரிக்கைகள் நூற்றுக்கணக்கில் குவிந்த பின்னர் அவற்றைப் படிப்பார் இல்லை.

மிகுந்த கவனம் வேண்டுவது மார்க்டவுன். 2*3*4 என்று எழுதினால், காமன்மார்க் விதிப்படி இரு நட்சத்திரக் குறிகளும் அழுத்தக் குறிகளாகக் கொள்ளப்படும். 24 என விடை தரவேண்டிய கோவை, நடுவிலக்கம் சாய்ந்த 234 ஆகப் பக்கத்தில் நிற்கும். எச்சரிக்கை ஏதும் எழாது. ஏனெனில் காமன்மார்க்கில் இலக்கணப் பிழை என்ற ஒன்றே இல்லை; எந்த எழுத்துத் தொடரும் செல்லுபடியான ஆவணமே. ரஸ்ட் மொழியின் ஆவணங்கள் இவ்விதியையே பின்பற்றுகின்றன. 2024இல் வந்த ஜாவா 23உம் மார்க்டவுன் குறிப்புரைகளை ஏற்றுக்கொண்டது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. **/*.ஜாவா போன்ற கோப்புத் தேடல் வடிவத்தைத் தொகுதிக் குறிப்புரைக்குள் எழுதினால், அதிலுள்ள */ குறிப்புரையை அங்கேயே முடித்துவிடும். எஞ்சிய சொற்களை நிரலாகப் படிக்க முயன்று கம்பைலர் நின்றுபோகும். எரிச்சலூட்டும் பிழைதான், ஆனால் எவரையும் ஏமாற்றுவதில்லை. உரத்துக் கூவும் பிழை சில நிமிடங்களை வீணாக்கும். ஓசையின்றி விழுங்கும் பிழை தவறான ஒன்றைக் கற்பித்துவிடும்.

தீர்வுகள் எளியவை. நிரற்சொற்களை அவற்றுக்குரிய குறிக்குள் இடலாம்: ஜாவாடாக்கில் கோட் குறி, ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் இரட்டைப் பின்மேற்கோள், மார்க்டவுனில் ஒற்றைப் பின்மேற்கோள். ஸ்பிங்க்ஸின் எச்சரிக்கைகளைப் பிழைகளாகவே கருதுமாறு அமைக்கலாம். ஆனால் 234ஐ எந்தச் சோதனையும் பிடிக்காது. அதற்கு, எழுதியவரே உருவான பக்கத்தைத் திறந்து, மாணவர் படிப்பதுபோல் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். ஆய்வு நிரல்களை வெளியிடுவோர் பலர் தவிர்த்துவிடும் பணி அதுவே.