வெள்ளி இல்லாத வெள்ளி

நான் எழுதப் போவது எங்க வீட்டுப் பெட்டியில் இருக்கும் மூன்று சிவப்புக் கவர்களைப் பற்றி.

எங்க தாத்தா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் கொண்டு வந்தவை இவை. ஒன்றில் சேவல் படம், ஒன்றில் நாய், ஒன்றில் பன்றி. உள்ளே பிளாஸ்டிக் உறையில் ஆறு ஆறு காசு. போன வருஷம் தாத்தா தவறிட்டார். அத்தைக்குக் குழந்தை பிறந்ததும் அப்பத்தா, "அதுக்குள்ள வெள்ளி இருக்குன்னு உங்க தாத்தா சொல்வாரு. கிழிச்சு எடுத்து உருக்கி, பிள்ளைக்குக் கொலுசு பண்ணிடலாம்" என்றார். எனக்கு மனசு கேட்கலை. "ரெண்டு நாள் பொறு அப்பத்தா" என்று சொல்லிவிட்டு விசாரிக்க ஆரம்பித்தேன்.

சிங்கப்பூர்த் தமிழர்கள் டாலரைத்தான் "வெள்ளி" என்பார்கள், செண்டைக் "காசு" என்பார்கள். தாத்தா சொன்னது அந்த வெள்ளி! அந்த ஒரு வெள்ளி நாணயமே மஞ்சள் நிறம்தான். அதுவும் 5 காசும் அலுமினிய வெண்கலம். 10, 20, 50 காசுகள் செம்பும் நிக்கலும் கலந்தவை. 1 காசு துத்தநாகத்தின் மேல் செம்புப் பூச்சு. உருக்கினால் கொலுசு வராது.

ஒரு நாணயத்துக்கு மூன்று விலை உண்டு.

1. அச்சடித்த விலை: ஆறையும் கூட்டினால் 1 வெள்ளி 86 காசு.

2. உலோக விலை: இதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலின் 1000 ஆண்டு நிறைவுக்காக நம் அரசு வெளியிட்ட 1000 ரூபாய் நாணயம் 35 கிராம். அதில் 80 சதவீதம் வெள்ளி. அதாவது 28 கிராம். அதற்கு இந்தக் கணக்கு முக்கியம்.

3. சேகரிப்பவர் கொடுக்கும் விலை: இங்கேதான் கவர் வருகிறது. சீனர்கள் புத்தாண்டுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்பு உறைக்கு "ஹாங்பாவ்" என்று பெயர். அந்த மாதிரியே செய்து, அந்த வருஷக் காசுகளை வைத்து சிங்கப்பூர் நாணயச்சாலை விற்றது. கிழித்தால் அது வெறும் சில்லறை!

உங்க வீட்டில் இப்படி இருந்தால் பிரிக்காமலே பாருங்கள்:

* காசில் ஆங்கிலம், சீனம், மலாயோடு தமிழிலும் "சிங்கப்பூர்" என்று இருக்கிறதா? (1985-க்குப் பின் வந்தவற்றில் இருக்கும்.)
* படமும் வருஷமும் பொருந்துகிறதா? சீனர்களுக்கு 12 வருஷத்துக்கு 12 விலங்கு. சேவல் என்றால் 1993, 2005, 2017. வேறு வருஷம் இருந்தால் யாரோ காசை மாற்றியிருக்கலாம்.
* எல்லாக் காசும் இருக்கிறதா? உறை ஒட்டியபடியே இருக்கிறதா? கறை, மடிப்பு உண்டா?

லட்ச ரூபாய்க்குப் போகும் என்று ஆசைப்படாதீர்கள். பழைய காசை வாங்குவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் ஏமாற்றுக்காரர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்திருக்கிறது.

எங்க கவர்களில் படமும் வருஷமும் சரியாக இருந்தன. சேவல் 1993, நாய் 1994, பன்றி 1995. இதைப் படித்துச் சொன்னதும் அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அந்த மூணு வருஷமும் அவரு ஊருக்கு வரலை. உங்க அத்தை பிறந்ததே 93-லதான். ரெண்டு வயசுலதான் பிள்ளை முகத்தைப் பார்த்தாரு" என்றார்.

சேவல் கவரைக் கிழிக்காமல் அத்தை பிள்ளைக்கே கொடுத்துவிட்டோம். கொலுசு அப்பா தனியாக வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நம்ம ஊரில் சிங்கப்பூர் போய்வந்த வீடுகள் நிறைய. கவர் இருந்தால் மதிய இடைவேளையில் கொண்டு வாங்க. சேர்ந்து பார்க்கலாம். ஆனால் கிழிக்காமல் கொண்டு வரணும்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி