செவிலி என்னும் சொல்லும் தொகுப்பூதியமும்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டது என்றால் அடுத்த கேள்வி தயாராகவே இருக்கும்: ‘பர்மனென்டா, டெம்ப்ரவரியா?’ செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சிங்கவரம் எங்கள் பூர்வீகம். பல்லவர் காலக் குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் ஊர். 2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியபின் வெளியூர்க்காரர்கள் கூடுதலாக இப்பக்கம் வருகிறார்கள். ஊர் என்னவோ நெல்லையும் மணிலாவையும் நம்பித்தான் இருக்கிறது. மழை பொய்க்கும் ஆண்டுகளை அறிந்த விவசாயக் குடும்பத்துக்கு, மாதம் தவறாமல் வரும் சம்பளம் என்பது கிணற்றில் ஊற்று கண்டதற்கு நிகரானது. அந்தக் கேள்வியின் கூர்மை அங்கிருந்துதான் வருகிறது.

எங்கள் அண்ணன் மகள் அரசு மருத்துவத் துறையில் செவிலியாகத் தேர்வு பெற்றபோது அக்கேள்விக்கு எங்களால் ஒரே சொல்லில் விடை சொல்ல முடியவில்லை. அவள் வேலையில் சேர்ந்தும் இருந்தாள். வேலைக்குக் காத்துக்கொண்டும் இருந்தாள். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே தமிழ்நாட்டில் பல்லாயிரம் பெண்கள் தங்கள் இருபதுகளைக் கழித்திருக்கிறார்கள். பணி நியமனம் ஒரு நாளில் கையில் தரப்படும் தாள்போலத் தோன்றும். செவிலியருக்கோ அது ஆண்டுக்கணக்கில் நீளும் ஒரு நிகழ்வு. அதைத்தான் இங்கே எழுத முற்படுகிறோம்.

இலக்கியம் பயின்றவர்கள் என்பதால் சொல்லிலிருந்து தொடங்குவது எங்கள் வழக்கம். ஈழத்தில் ‘தாதி’ என்றும், நம் கிராமங்களில் ‘நர்சம்மா’ என்றும், வார்டுக்குள் ‘சிஸ்டர்’ என்றும் வழங்கும் இப்பணிக்கு அரசு ஏடுகள் சூட்டிய பெயர் ‘செவிலியர்’. அகத்திணை மரபில் செவிலி வளர்ப்புத் தாய். நற்றாய் பெற்றவள், செவிலி பாலூட்டிச் சீராட்டி அறம் உரைத்து ஆளாக்கியவள். தோழி செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் உறவு சொல்கிறது. தலைவி உடன்போக்கில் சென்றபின் நற்றாய் மனையிலிருந்து புலம்புவாள். பாலை வழியில் கால்நோகத் தேடிச் செல்பவள் செவிலி. பின்னர் தலைவியின் இல்லறத்தைக் கண்டுவந்து நற்றாய்க்கு எடுத்துரைப்பவளும் அவளே. இத்தனை செய்யும் அவளுக்கு என்ன கூலி கிடைத்தது என்பதைச் சொல்லும் பாட்டு எதையும் நாங்கள் படித்த வரையில் கண்டதில்லை. அன்பினால் செய்யும் பணிக்கு அளவு ஏது என்று பழம்புலவர்கள் கருதியிருக்கலாம். அந்த மனப்பான்மை பெயரோடு சேர்ந்து நம் காலத்துக்கும் வந்துவிட்டதோ என்பது எங்கள் ஐயம்.

நவீனச் செவிலியம் இந்த மண்ணுக்கு வந்த கதையின் ஒரு முனை, செஞ்சியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான திண்டிவனத்தில் இருக்கிறது. அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர், பெற்றோரைக் காணத் திண்டிவனம் வந்திருந்த காலத்தில், ஒரே இரவில் மூன்று ஆடவர்கள் அடுத்தடுத்துக் கதவைத் தட்டினார்கள். பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவ அவர் வரவேண்டும் என்பதே மூவரின் வேண்டுகோளும். மருத்துவம் அறிந்தவரோ அவருடைய தந்தை. அந்நிய ஆண் தம் மனைவியைத் தொட அம்மூவரும் உடன்படவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவே ஐடாவை மருத்துவராக்கியது. வேலூரில் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு அவர் தொடங்கிய பணி பெரும் மருத்துவமனையாக வளர்ந்தது. 1909-இல் அங்கே செவிலியர் பயிற்சிப் பள்ளி வந்தது. 1946-இல் அது பட்டப் படிப்புத் தரும் கல்லூரியாயிற்று. சென்னை மாகாணச் செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் சட்டம் 1926-இல் இயற்றப்பட்டது. இன்றும் ஒரு செவிலி இம்மாநிலத்தில் பணிபுரிய, அச்சட்டத்தின் வழிவந்த மன்றத்தில் பதிவெண் பெற்றிருக்க வேண்டும். பெண்ணின் உயிரைக் காக்கப் பெண் வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த தொழிலுக்கு இவ்வளவு நீண்ட மரபு இருக்கிறது.

அண்ணன் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் செவிலியப் பட்டயப் படிப்பில் சேர்ந்தாள். அப்போது அது மூன்றரை ஆண்டுப் படிப்பு. அரசுப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்ட அண்ணியின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின. படிப்பு முடிந்து நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தாள். மாதம் 6,000 ரூபாய். சேர்ந்த அன்றே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ‘சர்டிபிகேட் அவங்ககிட்ட இருக்குது சித்தப்பா, நான் எங்க போறது?’ என்று அவள் கேட்டபோது எங்களுக்குப் பதில் தெரியவில்லை. ஒப்பந்தக் காலம் முடியும்வரை வேறு இடத்துக்கு விண்ணப்பிக்கக்கூட நகல்களையே நம்ப வேண்டியிருந்தது.

தமிழக அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தை 2012-இல் அமைத்தது. அதற்கு முன்பு அரசுச் செவிலியர் பணி பெரும்பாலும் அரசுப் பள்ளிகளில் பயின்றோருக்கே வாய்த்துவந்தது. தனியார் பள்ளியில் பயின்ற சிற்றூர்ப் பெண்ணுக்கும் போட்டித் தேர்வு வழியாக ஒரு கதவு திறந்தது. 2015-இல் 7,243 செவிலியர் இடங்களுக்கு வாரியம் தேர்வு நடத்தியது. உடற்கூறியல், மருந்தியல், மகப்பேறு, குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம் என்று மூன்றரை ஆண்டுப் பாடங்களை இரவுப் பணி முடிந்து வந்து புரட்டினாள். சிபாரிசு தேடி எவர் வீட்டுத் திண்ணையிலும் அண்ணன் உட்காரவில்லை. மதிப்பெண்ணும் இடஒதுக்கீட்டு வரிசையும் முடிவு செய்தன. பட்டியலில் அவள் எண் இருந்தது. இந்தத் தேர்வுமுறையின் நேர்மையை எங்கள் குடும்பம் நன்றியோடு நினைக்கிறது. எங்கள் தெருவில் அதன்பின் நான்கு பெண்கள் செவிலியம் படிக்கப் போனதற்கும் அதுவே காரணம்.

ஆனால் நியமனத்தின் நிபந்தனை வேறுவிதமாக இருந்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டாண்டு ஒப்பந்தம், அதன்பின் காலியிடங்களுக்கு ஏற்பக் காலமுறை ஊதியம். தொகுப்பூதியம் என்பதில் அகவிலைப்படியோ ஆண்டு உயர்வோ ஒட்டாது. அதே வார்டில், அதே ஊசியை, அதே நோயாளிக்குப் போடும் நிரந்தரச் செவிலியின் சம்பளம் அதைப்போலப் பல மடங்கு. ‘காலியிடங்களுக்கு ஏற்ப’ என்ற சொற்றொடரில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. ஆள் தேவைப்படுவதால்தான் தேர்வு நடக்கிறது; ஆயினும் இரண்டாண்டு முடிந்தும் ஒப்புதல் பெற்ற நிரந்தர இடம் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். தேர்வானவர்கள் ஆயிரக்கணக்கில், ஒவ்வோர் ஆண்டும் காலியாகும் இடங்கள் அதைவிடக் குறைவு. வரிசை நகரும் வேகம் அந்தக் கணக்கைப் பொறுத்தது.

அவள் வேற்று மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். மூவர் சேர்ந்த அறைக்கு அவள் பங்கு வாடகை 1,500, சாப்பாடு 2,500, பேருந்துக்கு 700, நகைக்கடன் வட்டிக்கு 1,500. மிச்சம் இருந்த பணத்தில் பண்டிகைக்கு அம்மாவுக்குப் புடவை எடுத்து வந்தாள். வரன் பார்க்க வந்தவர்கள் முதலில் கேட்டது அந்தப் பழைய கேள்வியைத்தான். ‘கவர்மெண்டுதான், ஆனா இன்னும் ஆகல’ என்று அண்ணன் சொல்லும்போது குரல் தாழும். எதிரே இருப்பவர்களின் முகத்தில் கணக்கு ஓடுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

வெளிநாடு போகலாமே என்று சொன்னவர்கள் உண்டு. வளைகுடாவுக்குத் தகுதித் தேர்வு, இங்கிலாந்துக்கு ஆங்கிலத் தேர்வு என்று வழிகள் இருக்கின்றன. தரகர்கள் லட்சக்கணக்கில் பணம் பறித்த வழக்குகளைத் தொடர்ந்து, குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செவிலியரை அரசு முகமைகள் வழியாகவே எடுக்க வேண்டும் என்று மத்திய அரசு 2015-இல் விதி செய்தது. தமிழ்நாட்டில் 1978 முதல் இயங்கிவரும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அத்தகைய முகமைகளுள் ஒன்று. அவள் அதைப் பற்றி விசாரித்தும் பார்த்தாள். ‘இங்கயே இருக்கறேன் சித்தி. அப்பாவுக்குச் சுகர் இருக்குது’ என்று எங்கள் வீட்டுக்காரியிடம் சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட்டாள்.

இரண்டாண்டு நிறைந்தபின், 2017 நவம்பர் இறுதியில், ஒப்பந்தச் செவிலியர்கள் மாநிலமெங்கும் இருந்து சென்னை தேனாம்பேட்டை மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் திரண்டார்கள். கைக்குழந்தையோடு தரையில் அமர்ந்திருந்த பெண்களின் படங்களைச் செய்தித்தாள்களில் பார்த்தோம். விவகாரம் உயர் நீதிமன்றம் சென்றது; போராட்டம் முடிந்தது. அடுத்த ஆண்டு தொகுப்பூதியம் 14,000 ஆயிற்று. பிற்பாடு 18,000 என்று உயர்ந்தது. வரிசை மட்டும் மெதுவாகவே நகர்ந்தது.

பிறகு 2020 வந்தது. கொரோனா வார்டுகளுக்கு அவசரமாக ஆட்கள் எடுக்கப்பட்டார்கள். தொலைக்காட்சியில் கைதட்டினோம், விளக்கேற்றினோம். அந்த அவசரத்தில் சேர்க்கப்பட்டவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணிக்காலம் 2022 டிசம்பர் 31-உடன் முடித்துவைக்கப்பட்டது. அவர்கள் 2023-இன் புத்தாண்டைத் தெருவில் போராடித் தொடங்கினார்கள். மாற்றுப் பணிகள் அறிவிக்கப்பட்டன. எனினும் ‘தேவதை’ என்று அழைக்கப்பட்டதற்கும் ‘நாளை முதல் வரவேண்டாம்’ என்று சொல்லப்பட்டதற்கும் இடையே மூன்றாண்டுகூட ஆகவில்லை.

தனியார் துறையின் நிலையையும் சொல்ல வேண்டும். செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் ஒரு குழு அமைக்கப் பணித்தது. ஐம்பதுக்கும் குறைவான படுக்கைகள் உள்ள சிறிய மருத்துவமனையிலும் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது, இருநூறு படுக்கைகளுக்கு மேற்பட்ட இடங்களில் மாநில அரசுச் செவிலிக்கு இணையான சம்பளம் வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை என்ற சொல்லுக்கு உரிய கதியே அதற்கும் நேர்ந்தது. இதில் ஒரு முரண் உண்டு. அரசே ஒரு செவிலிக்கு 7,700 கொடுத்துக்கொண்டிருந்த நாளில், தனியார் முதலாளியிடம் 20,000 கொடு என்று எந்த வாயால் கேட்பது? பெரிய அமைப்பு தன் ஊழியருக்குத் தரும் ஊதியமே சுற்றியுள்ள சின்ன அமைப்புகளுக்கும் அளவுகோல் ஆகிறது.

இப்போது இத்துறைக்கு வரும் பெண்களிடமும் ஆண்களிடமும் எங்களுக்குச் சொல்ல ஒன்றுண்டு. தேர்வு எழுதுங்கள், அந்தக் கதவு உண்மையாகவே திறக்கிறது. எய்ம்ஸ் நிறுவனங்களுக்கான பொதுத் தேர்வையும் எழுதிப் பாருங்கள். பதிவெண்ணைக் காலாவதியாக விடாதீர்கள். அசல் சான்றிதழை எவர் கேட்டாலும் சரிபார்த்துத் திரும்பத் தரச் சொல்லுங்கள். ஆணை கைக்கு வந்ததும் முதல் வரியில் உள்ள பதவியின் பெயரோடு நின்றுவிடாமல், ஊதியம், காலம், வரன்முறை பற்றிய வரிகளைக் குடும்பத்தாரோடு உட்கார்ந்து படியுங்கள். காத்திருப்பு எத்தனை ஆண்டு நீளலாம் என்பதை வீட்டில் முன்னதாகவே பேசிவிட்டால், பிள்ளையின் தலையில் அந்தப் பாரம் தனியாக இறங்காது.

எங்கள் பெண்ணுக்குக் காலமுறை ஊதியமும் வந்தது. அதற்கு முன்பே திருமணமும் ஆகியிருந்தது. கேள்வி கேட்காமல் பெண் எடுத்த குடும்பம் அது. நகைகள் மீண்டன. ஊருக்கு வந்திருந்தபோது பழைய நாட்களைப் பற்றிப் பேச்சு வந்தது. ‘முதல் நாள் வார்டுல நின்னப்பவே நான் நர்சுதான் சித்தப்பா. காகிதத்துக்குத்தான் அது தெரிய நாளாச்சு’ என்றாள். அதில் கசப்பு இல்லை. ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவள் பணிபுரியும் இடத்துக்குப் புதிய ஒப்பந்தச் செவிலியர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். சம்பளப் பட்டியலில் பெயர் ஏறி, கைக்குப் பணம் வர முதல் மாதங்களில் தாமதமாகும். அதுவரை மெஸ்ஸுக்குக் கட்ட ஒரு தொகையைத் தனியே எடுத்து வைத்திருக்கிறாள். வாங்கியவர்கள் சம்பளம் வந்ததும் திருப்பித் தருகிறார்கள்; அது அடுத்து வருபவருக்குப் போகிறது.